மாடியில் பொரித்த குஞ்சா, கைமாறி வரும் பறவையா?

பறவை வளர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்த ஒரு வாரத்துக்குள் என் கைபேசிக்கு இரண்டு எண்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஒன்று, காரைக்குடிக்கு வெளியே மொட்டைமாடியில் கூண்டு கட்டிக் குருவி வளர்த்து விற்கும் ஒரு இளைஞருடையது. இன்னொன்று, தேவகோட்டையில் ஒரு ஆச்சியுடையது. மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போகிறார், அடுக்குமாடி வீடு, அங்கே பறவை வைக்க வசதியில்லை. ஒன்பது வயது காக்டெயில் (கொண்டை வைத்த ஒரு சின்னக் கிளி வகை) ஒன்று இருக்கிறது, நல்ல கையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொந்தக்காரர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

மூன்று வாரம் இந்த இரண்டுக்கும் நடுவே அலைந்தோம். அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். எங்கள் முடிவு எல்லோருக்கும் பொருந்தாது, அதையும் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவதாகக் கடை என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கணக்கு எங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. நான்கு வருடம் முன்னால் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் ஒரு ஜோடி 'லவ் பேர்ட்ஸ்' வாங்கினோம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது உண்மையில் பட்ஜி என்ற ஆஸ்திரேலியக் குருவி. நிஜ லவ் பேர்டைக் கடைக்காரர்கள் 'ஆப்பிரிக்கன்' என்பார்கள். ஒரே கூண்டில் நாற்பது ஐம்பது அடைந்து கிடந்ததில் இரண்டைப் பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒன்று இறகைச் சிலிர்த்துப் பந்து மாதிரி உட்கார்ந்தது. எச்சம் தண்ணீராகப் போனது. எட்டாம் நாள் இரண்டும் இல்லை. போய்ச் சொன்னால், "அது அப்படித்தான் சார், வேற ஜோடி எடுத்துக்கங்க" என்கிறார். பறவைகள் நோயை ஒளிக்கும். காட்டில் சோர்ந்து உட்கார்ந்த குருவியைத்தான் வல்லூறு முதலில் தூக்கும் என்பதால் கடைசி வரை நன்றாக இருப்பது போலவே காட்டிக்கொள்ளும். நம் கண்ணுக்குச் சிலிர்த்துத் தெரிகிறபோது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

அந்த எட்டு நாளில் ஒரு கேள்வி மனதில் நின்றுவிட்டது: இந்தப் பறவை நம் கைக்கு வருவதற்கு முன்னால் எங்கே, எப்படி இருந்தது? கடையில் அதற்குப் பதிலே கிடையாது. மாடியில் வளர்த்து விற்கும் பிரீடரிடம் ஒரு மாதிரியான பதில் இருக்கிறது, ஆச்சியிடம் வேறு மாதிரி.

அதற்குள் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) குறுக்கே வந்தார். அவருக்குப் பறவை என்றால் பச்சைக்கிளிதான். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது முகப்பில் கிளிக்கூண்டு தொங்கியதாம், வாசல் ஏறுகிறவர்களை "வாங்க, வாங்க" என்று கூப்பிடுமாம். "கொண்டைக் குருவிக்கு ஆயிரக்கணக்குல காசா? பனங்காட்டுப் பக்கம் சொல்லி வச்சா கிளிக்குஞ்சு கொண்டாந்து தருவாக" என்றார்.

தருவார்கள்தான். பனைப் பொந்துக்குள் கையை விட்டு, கண் திறக்காத குஞ்சை எடுத்துவந்து தருவார்கள், வழியில் பாதி செத்துப்போகும். ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி, மைனா, சில்லை போன்ற நம் ஊர்ப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். "ஜோசியக்காரன் வச்சிருக்கானே" என்றார் அப்பச்சி. அவருக்கும் அதே சட்டம்தான். பிடிபடாமல் இருக்கிறார், அவ்வளவே. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியே அன்றன்று இலையும் பூவும் வைத்துக் கட்டுவதுதான் என்று சொன்ன பிறகே மனிதர் சிரித்துவிட்டு விட்டார்.

இந்தச் சட்டத்தை இங்கே இழுக்கக் காரணம், 'மீட்கப்பட்ட பறவை' என்ற சொல் நம் நாட்டில் சிக்குவதே இந்த இடத்தில்தான். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "வாங்காதீர்கள், தத்தெடுங்கள்" என்று என் மைத்துனர் மகன் சொன்னான். நல்ல எண்ணம்தான். ஆனால் இங்கே சோதனையில் பிடித்து மீட்கப்படுவது பெரும்பாலும் நம் ஊர்க் கிளியும் சில்லையும். அவற்றை யாருக்கும் தத்தாகக் கொடுக்க முடியாது. தேற்றிக் காட்டில் விடுவார்கள், பறக்க முடியாததை உரிய இடத்தில் வைத்துப் பராமரிப்பார்கள். சிறகொடிந்த கிளி ஒன்று உங்கள் முற்றத்தில் விழுந்தாலும் வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைப்பதுதான் வழி. வீட்டில் வைத்துக்கொண்டு "மீட்டேன்" என்று சொல்ல முடியாது.

அப்போது வீட்டுக்கு எடுக்கக்கூடிய மீட்பு எது? வெளிநாட்டு இனப் பறவைதான், அதுவும் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குக் கைமாறுவது. அதற்கென்று பெயர்ப்பலகை மாட்டிய காப்பகம் எதையும் நம் பக்கம் நான் பார்த்ததில்லை. பெருநகரங்களில் விலங்கு நல அமைப்புகள் இருக்கின்றன, அங்கே பெரும்பாலும் நாயும் பூனையும். செட்டிநாட்டில் 'காப்பகம்' என்பது ஏதோ ஒரு வீட்டின் உள்கட்டான வளவுதான். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இந்த ஊரைப்போல் பறவை கைமாற வாய்ப்புள்ள ஊரும் குறைவு. பெரிய வீடு, உள்ளே வயதான இரண்டு பேர், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. பேச்சுத் துணைக்கு ஒரு பறவை. ஒருநாள் பிள்ளைகள் வந்து பெரியவர்களைக் கூட்டிப் போவார்கள், பறவை மிஞ்சும்.

சரி, மாடிக்குப் போவோம்.

மாலை நான்கரை மணி. பச்சை வலை கட்டிய மாடி, ஒரு பக்கம் பட்ஜி, இன்னொரு பக்கம் காக்டெயில். தினை உமியும் எச்சமும் கலந்த வாடை இருந்தது, ஆனால் நாற்றம் இல்லை. அந்த வித்தியாசம் மூக்குக்கு உடனே தெரியும். பட்ஜிகளுக்கு வரிசையாக மண்கலயம் கட்டி, ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் எண் போட்டிருந்தார். அதே எண் ஒரு நோட்டிலும் இருந்தது. என்றைக்கு முட்டை, என்றைக்குப் பொரித்தது, எத்தனை தேறியது எல்லாம் அதில் இருந்தன. நான் கேட்காமலே நோட்டை நீட்டினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

ஒரு கலயத்துக்குள் கைவிட்டுப் பட்ஜிக் குஞ்சு ஒன்றை எடுத்து என் மகள் உள்ளங்கையில் வைத்தார். "நெத்தியப் பாரு பாப்பா" என்றார். அலகுக்கு மேலே தொடங்கி உச்சந்தலை வரை மெல்லிய கறுப்புக் கோடுகள், வரிக்குதிரை மாதிரி. கண் முழுக்கக் கறுப்பு, சுற்றி வெள்ளை வளையம் இல்லை. மூன்று நான்கு மாதத்தில் அந்தக் கோடு நெற்றியிலிருந்து பின்வாங்கிவிடும், பிறகு கண்ணில் வளையம் தெளியும். கடையில் "குஞ்சுதான் சார்" என்று சொல்லி நெற்றி வழித்த கிழட்டுக் குருவியைத் தலையில் கட்டுகிறார்களா என்று பார்க்க இது ஒன்று போதும். அலகுக்கு மேலே மெழுகு மாதிரி ஒரு சதை இருக்கும். வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. நான்கு வருடம் முன்னால் எனக்கு 'ஜோடி' என்று கொடுத்தது இரண்டும் ஆண் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

காக்டெயில் குஞ்சுகள் சிலவற்றின் காலில் மூடிய வளையம் இருந்தது. குஞ்சு பிறந்து ஒரு வாரம் பத்து நாளில், பாதம் சின்னதாக இருக்கும்போதே போட்டால்தான் அது ஏறும், பிறகு ஏறாது. அதனால் வெட்டி ஒட்டாத முழு வளையம் இருந்தால் அந்தப் பறவை கூண்டில் பிறந்தது என்று ஓரளவு நம்பலாம். வருடமும் அதில் இருக்கும். இதைக் கைமாறும் பறவையிலும் தேடிப் பார்க்கலாம், வயதைப் பற்றிய வாய்வார்த்தையைச் சரிபார்க்க உதவும்.

எங்களிடம் அவர் சொன்ன விலை: பட்ஜி ஜோடி 600 ரூபாய், தாய்தகப்பன் வளர்த்த காக்டெயில் 2,000, கையால் ஊட்டிப் பழக்கிய காக்டெயில் 3,500. அப்புறம்தான் ஒரு வார்த்தை சொன்னார். "மூணு வாரக் குஞ்சு ஒண்ணு இருக்கு சார். இப்பவே எடுத்துக்கிட்டீங்கன்னா உங்ககிட்டயே ஒட்டிக்கும். சிரிஞ்சில ஊட்டணும், அவ்வளவுதான். ஐநூறு கொறைச்சுக்கலாம்."

மகள் கண் விரிந்துவிட்டது. நான் வேண்டாம் என்றேன். பிரீடரிடம் போகிறவர்கள் விழும் குழி இதுதான் என்பது என் எண்ணம். காக்டெயில் குஞ்சு தானாகத் தின்னப் பழக எட்டு முதல் பத்து வாரம் ஆகும். அதுவரை பொடியைக் கரைத்து, கிட்டத்தட்ட 40 டிகிரி சூட்டில், ஒரு நாளைக்குப் பல வேளை ஊட்ட வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் தீனிப்பை உள்ளே வெந்துவிடும். குறைந்தால் செரிக்காமல் அதிலேயே தேங்கிப் புளித்துப்போகும். கூழ் மூச்சுக்குழாயில் ஏறினால் அங்கேயே முடிந்தது. குழந்தைக்குச் சோறூட்டுகிற ஆசையில் பத்து வயதுப் பிள்ளை செய்கிற வேலை இல்லை இது. ஒட்டுதலும் அதனால் மட்டும் வருவதில்லை. தானாகத் தின்னப் பழகிய குஞ்சும் ஒரு மாதம் பொறுமையாக உட்கார்ந்தால் கைக்கு வரும். "பத்து வாரம் ஆனதும் சொல்லுங்க, அப்ப பேசுவோம்" என்றதும் மறுக்காமல் ஒத்துக்கொண்டார். அப்படி ஒத்துக்கொள்ளாத இடத்தில் வாங்கவே வேண்டாம்.

இன்னொரு சங்கதி நிறம். சிவப்புக் கண்ணும் மஞ்சள் உடம்புமாக ஒரு காக்டெயில் இருந்தது, விலை கூட. கொண்டையை நான் விரலால் விலக்கிப் பார்த்தேன். பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு வழுக்கை. நிறத்துக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்ததில் இந்த வகைக்கு வந்து சேர்ந்த குறை அது. நம் வீட்டில் சொந்தத்துக்குள் திருமணம் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம், பறவைக்கு மட்டும் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கிறோம். சாம்பல் நிறச் சாதாரணக் காக்டெயிலே போதும்.

அவரிடம் ஒரு மூலையில் ஃபிஷர் லவ் பேர்ட், சன் கனூர் என்ற வெளிநாட்டுக் கிளி வகைகளும் இருந்தன. ஆசைப்படுகிறவர்கள் காகிதத்தைக் கவனிக்க வேண்டும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் இருக்கும் இனங்களை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாம் அதில் ஏற வேண்டும். பட்ஜி, காக்டெயில், பீச் முக லவ் பேர்ட் மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 முதல் மிகக் கடுமையான பிரிவில் இருக்கிறது. பிரீடரிடம் வாங்கினாலும் சரி, தெரிந்தவர் சும்மா கொடுத்தாலும் சரி, பதிவு அவர் பெயரில் இருக்கிறதா என்று பார்க்காமல் கூண்டைத் தூக்காதீர்கள். "சும்மாதானே கொடுக்கிறார்" என்பது அதிகாரியிடம் சொல்கிற பதில் இல்லை.

அடுத்த ஞாயிறு தேவகோட்டை.

ஆச்சி எங்களை வளவில் உட்காரவைத்து, காபி கொடுத்து, பறவையைப் பற்றி ஒன்றும் பேசாமல் அரைமணி நேரம் எங்களைப் பற்றியே கேட்டார். வீட்டில் யார் யார், பகலில் யார் இருப்பார்கள், பூனை உண்டா, சமையல் எங்கே. பிரீடரிடம் நாங்கள் கேள்வி கேட்டோம், இங்கே கேள்வி எங்களுக்கு. பறவையைத் தருகிறவர் இப்படிக் கேட்காவிட்டால் நான் சந்தேகப்படுவேன்.

இரண்டாங்கட்டில், அடுப்படியிலிருந்து எட்டத்தில், கூண்டு. உள்ளே சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சு வட்டம். பெயர் பழனி. பாதயாத்திரை போய்விட்டு வந்த வாரத்தில் பேரன் வாங்கிக் கொடுத்ததாம். எங்களைப் பார்த்ததும் கொண்டையை நிமிர்த்தி, உடம்பை ஒடுக்கி, குச்சிமாதிரி நின்றது. பத்து நிமிடம் கழித்துக் குக்கர் மாதிரியே விசில் அடித்தது. என் மனைவி பழக்கதோஷத்தில் எழுந்தே விட்டாள்.

"நானே சொல்லிடுறேன் தம்பி, பின்னால வந்து ஏன் சொல்லலைன்னு கேக்கப்படாது" என்று ஆச்சி கூண்டுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். பறவை திரும்பியபோது நெஞ்சில் வலப்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இறகில்லாமல் தோல் தெரிந்தது. போன வருடம் ஆச்சி இருபது நாள் மருத்துவமனையில் இருந்தார். வீட்டில் வேலைக்கு வருகிறவர் தீனி வைத்துவிட்டுப் போய்விடுவார், பேச ஆளில்லை. திரும்பி வந்து பார்த்தால் பிடுங்கியிருந்தது. அதன்பின் கூடவில்லை, ஆனால் அந்த இடம் மட்டும் முளைக்கவில்லை.

கைமாறும் பறவையின் விலை இதுதான். காசு கிடையாது, ஆனால் அது முன்னால் பட்டதெல்லாம் கூடவே வரும். இறகு பிடுங்குதல், விடாத கத்தல், ஒரே ஆளிடம் மட்டும் ஒட்டுதல், பெண்ணாக இருந்தால் ஓயாமல் முட்டையிட்டு உடம்பு வற்றுதல். கொடுக்கிறவர் எல்லோரும் ஆச்சி மாதிரி திறந்து சொல்லமாட்டார்கள். "வீடு மாறுகிறோம்" என்ற வார்த்தைக்குப் பின்னால் "விடிகாலை அஞ்சு மணிக்குக் கத்தித் தொலைக்கிறது" என்பது ஒளிந்திருக்கலாம். அதனால் காலையில் ஒரு தடவை, பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு தடவை என்று இரண்டு முறை போய்ப் பாருங்கள். கிளி இனம் கத்துகிற நேரங்கள் அவை. நாங்கள் மூன்று முறை போனோம். இரண்டாவது முறை தீனிக்கிண்ணத்தைக் கிளறிப் பார்த்தேன். தினை, சூரியகாந்தி விதை, ஓரத்தில் இட்லித் துணுக்கு. காய்கறி, கீரை எதுவும் தொடாதாம். விதையை மட்டும் தின்று வளர்ந்த பறவைக்கு வைட்டமின் ஏ குறைவும், ஈரலில் கொழுப்பும் வருவது வழக்கம். மாற்றலாம், ஆனால் ஒன்பது வருட நாக்கை மாற்ற மாதக்கணக்கில் ஆகும். குஞ்சு என்றால் முதல் வாரமே முருங்கைக்கீரையைக் கொத்த வைத்துவிடலாம்.

இத்தனை குறைக்கும் எதிர்த்தட்டில் ஒன்று இருந்தது. கிளம்பும்போது ஆச்சி சொன்னார்: "தீவாளிக்கு உள்அறையில வச்சு, என் பழைய நூல் சீலையப் போட்டு மூடிருங்க. ஆனா முழு இருட்டாக்கிறாதீக, சின்ன வெளக்கு எரியணும். இருட்டுல வெடிச்சத்தம் கேட்டா கூண்டுக்குள்ள அடிச்சுக்கிட்டு ரெக்கையில ரத்தம் வந்துரும்." காக்டெயில்களுக்கு இரவில் திடீரென்று மிரண்டு சிறகடிக்கும் குணம் உண்டு என்று பிறகு படித்தேன். ஆச்சி படிக்கவில்லை, ஒன்பது தீபாவளி பார்த்திருக்கிறார். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்ப் பறவைகளுக்காக ஊரே வெடி போடுவதில்லை. எங்கள் தெருவில் அதெல்லாம் நடக்காது, பத்தாயிரம் வாலா உண்டு. மாடியில் பொரித்த குஞ்சு வெடிச்சத்தத்துக்கு எப்படி மிரளும் என்று அந்த இளைஞருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நோட்டில் அது இருக்காது.

நடுவில் இணையத்தில் ஒரு விளம்பரமும் வந்தது. பேசும் மக்காவ் கிளி, இலவசம், அனுப்பும் செலவு மட்டும் 4,000 ரூபாய் ஜிபே செய்யவும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பணக்கணக்கைப் போட்டோம். பறவையின் விலை கணக்கில் சின்னது. இரண்டடிக்கு இரண்டடி நல்ல கூண்டு குஞ்சின் விலையைத் தாண்டிவிடும். ஆச்சி கூண்டோடு கொடுத்தார். ஆனால் பழைய கூண்டு என்றால் துத்தநாகம் பூசிய கம்பி உரிந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காக்டெயில் கம்பியை மென்றுகொண்டே இருக்கும், துத்தநாகம் அதற்கு நஞ்சு. மருத்துவச் செலவுக்கு இரண்டு பக்கமும் சமம். இங்கே கால்நடை மருத்துவமனையில் மாடும் ஆடும் நாயும் பார்த்துப் பழகியவர்கள்தான் அதிகம். நாங்கள் பழனியை எடுப்பதற்கு முன், ஆச்சி சம்மதத்தோடு, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், வழியெல்லாம் குக்கர் விசில். எச்சம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், நெஞ்சில் தொற்று எதுவும் இல்லை என்றார்கள். யாரிடம் எடுத்தாலும் இந்த ஒரு நடையை மிச்சம் பிடிக்க வேண்டாம். பறவையிடமிருந்து மனிதருக்கு நுரையீரல் காய்ச்சலாகத் தொற்றும் கிளிக்காய்ச்சல் என்று ஒன்று உண்டு, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னும் கவனம். ஏற்கெனவே வேறு பறவை வைத்திருப்பவர்கள் புதியதை ஒரு மாதமாவது தனி அறையில் வைக்க வேண்டும்.

வீட்டையும் பார்க்க வேண்டுமே. எங்கள் முற்றம் திறந்த முற்றம், மேலே கம்பி வலை கிடையாது. பழக்கமில்லாத குஞ்சைக் கூண்டுக்கு வெளியே விட்டால் நேரே வானம்தான், வெளியே காகம் காத்திருக்கும். ஆகவே எந்தப் பறவையானாலும் கதவடைத்த அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் விட வேண்டும். எங்கள் ஆத்தா மிளகாய் வறுக்கிற நாளில் நாங்களே வாசலுக்கு ஓடுவோம், பறவையின் நுரையீரல் அதைத் தாங்காது. நான்ஸ்டிக் சட்டி வெறுமனே சூடேறிப் புகைந்தால் கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவியே பறவையைக் கொன்றுவிடும். சட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புக் கல்லுக்கே திரும்பினோம். முகப்பில் தாத்தா காலத்து பெல்ஜியம் கண்ணாடி ஒன்று இருக்கிறது. ஆண் காக்டெயில் தன் பிம்பத்தைப் பார்த்துப் பாடிப் பாடிச் சாப்பாட்டை மறந்துவிடும் என்றார் ஆச்சி. அதற்கு இப்போது திரை போட்டிருக்கிறோம். பர்மாத் தேக்கு நிலையைக் கடிக்குமா என்று அப்பச்சி கேட்டார். கடிக்கும்.

முடிவைத் தீர்மானித்தது இது எதுவும் இல்லை, வயதுக் கணக்கு. காக்டெயில் நன்றாக வைத்தால் 15 முதல் 20 வருடம் இருக்கும். மகளுக்கு இப்போது பத்து. பதினெட்டில் கல்லூரிக்குப் போய்விடுவாள். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், பகலில் வீட்டில் இருப்பது அப்பச்சியும் ஆத்தாவும்தான். அப்பச்சிக்கு எழுபத்து நான்கு. இன்றைக்குக் குஞ்சு எடுத்தால் அதன் முதுமையில் எங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்? எங்கள் வீடே ஒருநாள் இன்னொருவருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பும் வீடாகிவிடும். ஒன்பது வயதுப் பறவைக்கு மிச்சம் இருப்பது ஆறு முதல் பதினோரு வருடம் என்று வையுங்கள். எங்கள் வீட்டுப் பகல்கள் நிறைந்திருக்கும் காலமும் ஏறக்குறைய அதுதான்.

கணக்கு உங்களுக்கு வேறாக வரலாம். பறவையே வளர்த்துப் பழக்கமில்லை, பிள்ளைகள் சின்னவர்கள், விளையாட்டுத்தனமாக இருக்க வேண்டும், குறைகளோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்றால், நோட்டு வைத்திருக்கும் பிரீடரிடம் தானாகத் தின்னும் பட்ஜிக் குஞ்சு இரண்டு எடுங்கள். அதற்கு ஆயுள் ஐந்து முதல் எட்டு வருடம்தான், பெரும்பாலான வீடுகளுக்கு அது பொருந்தும். வீட்டில் நாள் முழுக்க ஒரு பெரியவர் இருக்கிறார், அவருக்குப் பொறுமை உண்டு என்றால் கைமாறும் பறவை. இரண்டு பேரும் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கிற வீடு, வருடத்தில் பாதி நாள் பயணம் என்றால் இரண்டும் வேண்டாம். முற்றத்தில் தண்ணீர்ச் சட்டி வையுங்கள், மைனாவும் புல்புலும் தானே வரும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மாதிரி 40, 50 வருடம் வாழும் பறவையை நாற்பது வயதில் குஞ்சாக எடுப்பவர்களை நான் சத்தியமாகப் புரிந்துகொள்ளவில்லை. அதற்கு உயில் எழுத வேண்டும்.

பழனி வந்து ஐந்து மாதம் ஆகிறது. முதல் வாரம் தீனியை வெளியே வீசியது, அப்பச்சியைத் தவிர யாரையும் பக்கத்தில் விடவில்லை. கிளிதான் வேண்டும் என்று சண்டை போட்டவர் காலைத் தினசரியை அதற்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். நெஞ்சில் அந்தக் காசளவு வழுக்கை அப்படியே இருக்கிறது. மகள் சமையல் தராசில் ஞாயிறுதோறும் நிறுத்து ஒரு நோட்டில் எழுதுகிறாள். எடுத்த அன்றைக்கு 84 கிராம். நடுவில் சூரியகாந்தி விதையைக் குறைத்தபோது 80க்கு இறங்கி எங்களைப் பயமுறுத்தியது. இந்த வாரம் 88.

ஆச்சி கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை பேசுவார். எங்களை விசாரிப்பது ஒரு நிமிடம்தான். "கீரை திங்கிறானா?" என்றார் போன வாரம். முருங்கைக்கீரை தொடுவதில்லை, கொத்தமல்லித் தழையை மட்டும் காம்போடு கடிக்கிறான் என்றேன். "எங்கிட்ட ஒம்பது வருசமா அதுகூடத் திங்கலையே" என்றார். குரலில் சந்தோஷமா குறையா என்று எனக்குப் பிடிபடவில்லை. "ஸ்பீக்கர்ல போடுங்க தம்பி" என்றார். போட்டேன்.